ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்: சின்ன டூயல் ஸ்போர்ட்டில் அலுவலகம் போன மூன்று வருடங்கள்

ஓடோமீட்டர் 31,400ஐத் தொட்டிருக்கிறது. இதில் மண்ணில் ஓடியது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாராளமாகச் சேர்த்தாலும் 1,500 கிலோமீட்டர் தேறாது. மீதி அத்தனையும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓடியது. காடு மேடெல்லாம் ஏறப் போகிறேன் என்று சொல்லி வாங்கிய டூயல் ஸ்போர்ட் பைக் இது, அதாவது சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டுவதற்கென்று செய்த வகை. வாங்கிய புதிதில் நண்பர்களிடம் நான் விட்ட கதைகளை யாரும் இப்போது நினைவுபடுத்தாமல் இருந்தால் சரி.

வண்டி 250 சிசி, ஒற்றைச் சிலிண்டர். முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. சீட் உயரம் 865 மில்லிமீட்டர், எடை பெட்ரோலோடு 140 கிலோ சொச்சம். எந்தக் கம்பெனி என்பதை வேண்டுமென்றே விடுகிறேன். இந்த அளவில் வருகிற டூயல் ஸ்போர்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவைதான். நான் சொல்வதில் முக்கால்வாசி எதற்கும் பொருந்தும். என் பாதை போக 26 கிலோமீட்டர், வர 26. முதல் 8 கிலோமீட்டர் குறுகலான தெருக்களும் சிக்னல்களும். நடுவில் 12 கிலோமீட்டர் பெரிய சாலை, 80இல் போகலாம். கடைசி 6 கிலோமீட்டர், குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடி, திரும்பவும் தோண்டிய சாலை.

இதற்கு முன் வைத்திருந்தது சாதாரண ரோடு பைக். அந்த 6 கிலோமீட்டரில் என் கண் முழுக்கத் தரையில்தான் இருக்கும். இந்தப் பள்ளத்துக்கு வலது பக்கம் ஒதுங்கலாமா, அடுத்த மேட்டுக்கு முன்னால் பிரேக் போடலாமா என்றே மூளை ஓடும். பக்கத்தில் வருகிற கார் திரும்பப் போகிறதா, நிற்கிற வேனின் கதவு திறக்கப் போகிறதா என்பதெல்லாம் கடைசி நொடியில்தான் தெரியும். புது வண்டிக்கு மாறி ஒரு மாதம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன்: நான் தரையைப் பார்ப்பதையே விட்டிருந்தேன். பார்வை 50 மீட்டர் தள்ளி, வண்டிகளின் மேலும் ஆட்களின் மேலும் இருந்தது. இந்த வண்டி முதுகுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் மூன்று வருடம் ஓட்டிய பிறகு என்னைக் கேட்டால், இது மிச்சப்படுத்துவது முதுகைவிடக் கண்ணைத்தான்.

காரணம் எளிது. சாதாரண ரோடு பைக்கில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 120, 130 மில்லிமீட்டர்தான் இறங்கி ஏறும். இதில் அது 230க்கு மேல். அதோடு 21 அங்குலச் சக்கரம் சின்னக் குழிக்குள் விழுவதில்லை, அதன் விளிம்புகளைத் தொட்டுக்கொண்டு தாண்டிவிடுகிறது. ஹேண்டில்பார் அகலமானது, அதனால் முன்சக்கரம் கொஞ்சம் அலைந்தாலும் பிடிக்கு அடங்குகிறது. உட்காரும் உயரத்தில் காரின் கூரைக்கு மேலாக அந்தப் பக்கம் தெரிகிறது. நெரிசலில் முன்னால் மூன்றாவது வண்டி பிரேக் போட்டால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதே உயரம்தான் முதல் வாரத்தில் என்னைச் சாய்த்தது. என் உயரம் 168 சென்டிமீட்டர். சிக்னலில் இடது காலை ஊன்றப் போனேன், கால் போன இடத்தில் தரை இரண்டு அங்குலம் கீழே இருந்தது. அவ்வளவுதான், வண்டி மெதுவாக, மிக மெதுவாக, ஊரே பார்க்கச் சாய்ந்தது. எனக்கோ வண்டிக்கோ எதுவும் ஆகவில்லை. கிளட்ச் லீவர் மட்டும் லேசாக வளைந்தது. மானம் கொஞ்சம் கூடவே வளைந்தது.

உயரத்தைக் குறைக்கப் பின் ஷாக் அப்சார்பரை இணைக்கும் லிங்க்கை மாற்றலாம் என்று பலர் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஸ்டியரிங் கோணம் மாறும், திருப்பும்போது மந்தமாகும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி நேராக நின்று எதிர்ப்பக்கம் விழப் பார்க்கும். அதற்குப் பதில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறது என்பதை, சரி பார்த்தேன். நான் ஏறி உட்கார்ந்தால் பின்சக்கரம் ஏறி இறங்கும் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். என் வண்டியில் நாலில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்தியதும் கால் எட்டுவதில் நல்ல வித்தியாசம். இரண்டாவது, இரண்டு காலையும் ஊன்றும் ஆசையை விட்டேன். நிற்கும்போது சீட்டில் இடுப்பைச் சற்று நகர்த்தி, ஒரு கால் முழுசாகத் தரையில், மற்ற கால் பின் பிரேக்கில். இப்போது யோசிக்காமலே அப்படி வருகிறது. எங்கே கால் வைக்கப் போகிறேன் என்று மட்டும் நிற்கும் முன் ஒரு பார்வை. தரையைப் பார்ப்பது அந்த ஒரு இடத்தில்தான் என்று சொல்ல ஆசை. அது பொய் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நடுவில் வரும் 12 கிலோமீட்டர் பெரிய சாலைதான் இந்த வண்டிக்குப் பிடிக்காத இடம். 80 வரை சந்தோஷமாகப் போகும். 90இல் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாத அளவுக்கு அதிர்வு. 100 போகும், ஆனால் போகக் கூடாது. முன்னால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மட்கார்டு காற்றைப் பிடிக்கிறது. பெரிய லாரி கடந்து போனால் ஹேண்டில்பார் ஒரு முறை தலையாட்டும். முதலில் பயந்து இறுக்கிப் பிடிப்பேன், ஆட்டம் இன்னும் கூடும். முழங்கையை லேசாக மடக்கி, பிடியைத் தளர்த்தி, முட்டியால் டாங்கை அணைத்தால் வண்டி தானே நேராகிவிடும்.

இந்த வகை வண்டிக்குப் பெரிய சாலை பிடிக்காததில் ஆச்சரியம் இல்லை. 1968இல் யமஹா டிடி-1 என்ற 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது யோசனை இதுதான்: மண்பாதை வரைக்கும் சாலையில் ஓட்டிப் போகலாம், மண்ணில் விளையாடலாம், அதே வண்டியில் வீடு திரும்பலாம். 1972இல் ஹோண்டா எக்ஸ்எல் 250 அதையே ஃபோர் ஸ்ட்ரோக்கில் செய்தது. அதாவது, இந்த வம்சத்துக்குச் சாலை என்பது காட்டுக்குப் போகிற வழிநடை. நான் அந்த வழிநடையிலேயே குடித்தனம் நடத்துகிறேன்.

அந்தக் குடித்தனத்துக்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்றுகிறேன் பேர்வழி என்று நான் செலவழித்ததில் பாதி வீண். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் முன்னால் இருப்பதை 14 பல்லிலிருந்து 13க்கு மாற்றினேன், நெரிசலில் துடிப்பாக இருக்கும் என்று. இருந்தது. ஆனால் பின்னால் 40 பல் வைத்துக்கொண்டு முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் மூன்று பல்லைக் கூட்டியதற்குச் சமம். அதே 80இல் எஞ்சின் சுமார் 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றியது, காதுக்குள் கொசு மாதிரி. இரண்டு மாதத்தில் பழைய 14க்கே திரும்பினேன். காட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் 13 போடட்டும்.

டயரில் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். கம்பெனி டயர் தேய்ந்ததும், பார்க்க முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று கட்டை கட்டையாக இருக்கும் மண் டயர் போட்டேன். பின் டயரின் நடுக்கட்டைகள் 4,800 கிலோமீட்டரில் தேய்ந்து போய்விட்டன. அதுகூடப் பரவாயில்லை. ஒரு மழை நாளில் சிக்னலுக்கு முன் பிரேக் போட்டபோது, சாலையில் அடித்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம் சோப்பில் ஏறியது போல வழுக்கிப் போனது. விழவில்லை, எப்படி விழவில்லை என்று தெரியவில்லை. ஈரச் சாலையில் ரப்பர் எவ்வளவு பரப்பில் தரையைத் தொடுகிறது என்பதுதான் பிடிமானம். கட்டை டயரில் பாதி இடம் வெற்று இடைவெளி. மேலே நான் பொய் என்றது இதைத்தான். ஷாக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பள்ளத்தை மட்டும்தான் விழுங்கும். பெயிண்ட், ஆயில் கறை, ஈர இரும்பு மூடி, சிதறிய ஜல்லி எதையும் விழுங்காது. இப்போதும் தரையைப் பார்க்கிறேன். ஆனால் பார்ப்பது குழியை அல்ல, நிறத்தையும் பளபளப்பையும். அது ஒரு சின்னப் பார்வையில் முடிந்துவிடும். இப்போது ஓடுவது 80 சதவீதம் சாலைக்கும் 20 சதவீதம் மண்ணுக்கும் என்று விற்கிற டயர். பின் டயர் 12,000 தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

டயருக்குள் ட்யூப் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்போக் சக்கரம், ஆகவே ட்யூப். ட்யூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் காற்று மெல்ல இறங்கும், சமாளித்து ஓட்டலாம். இதில் சில நொடிகளில் தரைமட்டம். மூன்று வருடத்தில் இரண்டு பஞ்சர், இரண்டும் பின்சக்கரம், இரண்டும் காலையில். முதல் தடவை சாலையோரத்தில் நானே கழற்றி மாட்ட ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது தடவை அரை மணி. சீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் இரண்டு டயர் லீவர், கைப்பம்பு, பின் அச்சு நட்டுக்குச் சேரும் ஸ்பேனர், ஒரே ஒரு ட்யூப். அந்த ட்யூப் 21 அங்குலத்துடையது. அவசரத்துக்கு அதைப் பின்னால் 18 அங்குலத்துக்குள்ளும் திணித்து வீடு போய்ச் சேரலாம். ஒரு ட்யூப் இரண்டு சக்கரத்துக்கும் காவல். வீட்டுக்குப் போனதும் சரியான அளவுக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்பேனரை மறக்காதீர்கள், வண்டியோடு வந்த சாமான் பையில் அந்த அளவு இல்லை என்பதைச் சாலையோரத்தில் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

செயின் பற்றி ஒரு மனக்குறை. ஒரு முறை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் செயினை ரோடு பைக் மாதிரி விறைப்பாக இழுத்துவிட்டார்கள். "லூஸா இருந்தது சார், டைட் பண்ணிட்டேன்" என்றார் பையன், நல்ல மனசோடுதான். இந்த வகை வண்டியில் செயின் லூஸாக இருப்பது போலத்தான் தெரிய வேண்டும். பின்சக்கரம் மேலே ஏறும்போது, முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் என்ற கையின் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் செயின் மிகவும் இறுகும். நின்ற நிலையிலேயே விறைப்பாக இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது அந்த இழுப்பு முழுக்கக் கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் முடியும். என் வண்டிக்குக் கையேடு சொல்வது 30 முதல் 40 மில்லிமீட்டர் தளர்வு. அன்றிலிருந்து செயின் வேலை என் கையில்தான். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, துடைத்து எண்ணெய் விடுகிறேன். முதல் செயின் செட் 21,000 கிலோமீட்டர் உழைத்தது.

மற்ற பராமரிப்பில் புலம்ப ஒன்றுமில்லை. எஞ்சினில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவான ஆயில்தான், அதனால் கையேடு சொல்வதைவிடச் சற்று முன்னாலேயே மாற்றிவிடுகிறேன். மாதம் ஒரு தடவை ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போவேன். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்கும், தளர்ந்தது மட்டும் "டொக்" என்று அபஸ்வரமாகக் காட்டிக்கொடுக்கும். அதிர்வில் நம்பர் பிளேட் போல்ட் ஒன்று எங்கோ கழன்று விழுந்தது, அப்புறம் பின்பக்கப் போல்ட்டுகளுக்கெல்லாம் பிடிப்புப் பசை விட்டேன்.

சீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: குறுகலானது, கெட்டியானது, 40 நிமிடம் வரை ஒன்றும் தெரியாது. என் பயணம் 45 நிமிடம். அந்தக் கடைசி 5 நிமிடம் எப்படியும் குழாய்ச் சாலையில்தான் வரும், அங்கே ஃபுட்பெக்கில் எழுந்து நின்றே ஓட்டிவிடுகிறேன். எழுந்து நின்றால் பின்னால் வரும் கார்காரர்கள் இவனுக்கு என்ன ஆனது என்று இடைவெளி விடுகிறார்கள், அது கூடுதல் லாபம். மைலேஜ் லிட்டருக்கு 33. டாங்க் 8 லிட்டர், 200 கிலோமீட்டரில் ரிசர்வ் விளக்கு எரிகிறது, நாலு நாளைக்கு ஒரு தடவை பெட்ரோல் போட நிற்க வேண்டும். பெரிய டாங்க் மாட்டலாம் என்று ஆசை வந்தது, 13 பல் ஸ்ப்ராக்கெட் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

பின்னால் பெட்டி மாட்டியதையும் கழற்றிவிட்டேன். பின் அச்சுக்கும் பின்னால் எடை தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது; பள்ளத்தில் பெட்டி ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மடிக்கணினி இப்போது முதுகுப்பையில், பையின் அடி சீட்டில் உட்கார்ந்திருக்கும்படி வாரை நீட்டிவைத்திருக்கிறேன். தோளில் எடையே தெரிவதில்லை.

போன மாதம் அந்த 6 கிலோமீட்டரையும் கறுகறுவென்று புதிதாகப் போட்டுவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துக்கொண்டே, "இனி அந்த ஒட்டகத்துக்கு வேலையில்லை, வித்துடுங்க" என்றார். எனக்கும் ஒரு வாரம் அந்த யோசனை இருந்தது. ரோடு பைக்குகளின் விலைகூட விசாரித்தேன். நேற்றுக் காலை போகும்போது பார்த்தால், புதுச் சாலையின் ஓரமாக யாரோ வெள்ளைச் சுண்ணாம்பில் நேர்கோடு இழுத்து, பத்தடிக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.