இரண்டு கியூப் காசு, முக்கால் கியூப் மண்: மேட்டுப்பாத்தி போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் ஓகஸ்ட் முதல் கிழமை மூன்று மேட்டுப்பாத்தி போட்டுக் கொடுத்தார்கள். பலகை, மண், பசளை, கன்று, சொட்டுநீர்க் குழாய், ஆறு மாதப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை. முழுக் காசும் முதல் நாளே கைமாறிவிட்டது. செப்ரெம்பரில் எடுத்த படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை: கறுத்த மண், நிமிர்ந்த கன்று, பளபளக்கும் கறுப்புப் பலகை. நவம்பர் நடுப்பகுதியில் மழை பிடித்ததும் தக்காளி பச்சை இலையோடு நின்றபடியே வாடியது. மிளகாய் மஞ்சளித்தது. ஒரு பாத்தியின் நீளப் பலகை வயிறு தள்ளி, ஆணி கழன்று, மண் முற்றத்தில் சரிந்தது. சரிந்த பாத்தியை அடிவரை வெட்டிப் பார்த்ததில் தெரிந்தவைதான் கீழே உள்ளவை. செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மண் கணக்கு. பாத்தி 8 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெருக்கினால் 48 கன அடி. மூன்று பாத்திக்கு 144. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஆகவே ஒன்றரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைவு. மண் இறுகும், ஐந்தில் ஒரு பங்கு தாழும் என்று சொல்லி இரண்டு கியூப்புக்குக் காசு வாங்கினார்கள். அந்தக் கதை பொய்யல்ல, புதுக்கலவை உண்மையிலேயே தாழும். ஆனால் வெட்டியபோது மேலே 9 அங்குலம்தான் மண். மற்றப் பாத்திகளிலும் அலவாங்கை இறக்கிப் பார்த்தபோது அதே ஆழத்தில் கல் தட்டியது. 8 பெருக்கல் 4 பெருக்கல் முக்கால், மூன்று பாத்திக்கும் சேர்த்து 72 கன அடி. வாங்கியது இரண்டு கியூப் காசு, போட்டது முக்கால் கியூப்பும் வராத மண்.

கீழ் 9 அங்குலத்தில் இருந்தது உடைத்த சுவர்க்கல், காய்ந்த சாந்து, பச்சை மரக்கட்டை, கொஞ்சம் தேங்காய் மட்டை. தேங்காய் மட்டையை அடியில் ஒரு வரிசை, ஒரு 3 அங்குலத்துக்கு அடுக்குவது நல்ல பழக்கம்தான், ஈரம் பிடித்து வைக்கும். அதைச் சொல்லிவிட்டு அடுக்க வேண்டும், மண்ணின் விலையில் அல்ல. பச்சைக்கட்டை எங்கள் வெயிலுக்குக் கறையானைக் கூப்பிட்டு வைத்த மாதிரி. சாந்தும் சீமெந்தும் இதைவிட மோசம். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதோடு சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அடையாளம் சுலபம்: இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கீழ் இலை முதலில் மஞ்சளித்தால் அது வேறு, தழைச்சத்துக் குறைவு.

இந்த வீட்டு மிளகாயில் இரண்டுமே இருந்தன. தழைச்சத்துக் குறைவுக்குக் காரணம் மேல் மண். கறுப்பாக இருக்கிறது, சத்தான மண் என்று காட்டப்பட்டதைக் கையில் எடுத்துக் கழுவினால் அடியில் செங்கிரவல். கறுப்பு நிறம் உமிக்கரியால் வந்தது. உமிக்கரி கெட்டதல்ல, பத்தில் ஒரு பங்கு போட்டால் மண்ணைப் பொலபொலப்பாக்கும். ஆனால் அது எரு இல்லை. கூடவே பச்சை மரத்தூள் நிறையக் கிடந்தது. மரத்தூளை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. கூட்டெரு என்று கலந்ததும் பாதி உக்கியது.

மண் இறங்கும் நாளிலேயே இதையெல்லாம் பிடிக்கலாம். ஒரு வெள்ளைச் சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழுவது மணலும் கிரவலும். சில மணித்தியாலத்தில் படிவது வண்டல். அடுத்த நாள் வரை கலங்கி நின்று படிவது களி. மேலே மிதப்பது உக்கல், கரி, தூள். முக்கால்வாசி முதல் நிமிடத்திலேயே விழுந்தால் மண் வந்த உழவு இயந்திரப் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். கூட்டெருவை ஒரு கைப்பிடி நனைத்து, பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழைபெய்த மண் வாசம் வந்தால் சரி. மூக்கைப் பிடிக்க வைத்தால், புளித்து நாறினால், இன்னும் உக்கவில்லை. நேரம் இருந்தால் யோகட் கோப்பையில் அந்தக் கலவையைப் போட்டுப் பத்துப் பயறு ஊன்றிப் பாருங்கள். குறைந்தது எட்டுப் பயறு முளைத்து, முதல் இலை கருகாமல் விரிய வேண்டும். தும்புச்சோறு கலந்தால் உப்புக் கழுவியதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையின் சோறு நாற்றைக் கருக்கிவிடும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் போகும்.

சரியான கலவைக்குப் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. நல்ல மேல்மண் இரண்டு பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, மண் களியாக இருந்தால் மணல் ஒரு பங்கு, மணலாக இருந்தால் கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கு. ஏற்கெனவே மண் நிரம்பிய பாத்தி என்றால் மேல் 4 அங்குலத்துக்குக் கூட்டெரு கலந்தால் போதும், அது 8க்கு 4 பாத்திக்கு ஏறக்குறைய ஐந்து யூரியாப் பை. கோழி எரு என்றால் நன்றாக உக்கியது 3 முதல் 5 கிலோ. அதற்கு மேல் வேண்டாம், வேர் எரியும்.

கல்லுக்கும் கீழே, ஆக அடியில், ஒரு கறுப்புப் பொலித்தீன் விரிப்பு. புல் வராது என்று சொல்லி விரித்தது, ஒரு துளை கூட இல்லை. இந்த ஒரு விரிப்பே பாத்தியைக் கொன்றிருக்கும், மற்றக் குறைகள் எல்லாம் மேலதிகம். ஓகஸ்டில் அது ஈரத்தைப் பிடித்து வைத்து நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. நவம்பரில் பாத்தி தொட்டியாகிவிட்டது. வன்னியில் பாத்தியை மேலே தூக்குவதே மாரித் தண்ணீர் வடியத்தான். அடியை அடைத்த பிறகு மேடென்ன பள்ளமென்ன? புல்லுக்குப் பயம் என்றால் பழைய பத்திரிகைத் தாள் ஏழெட்டு அடுக்கு அல்லது மட்டைப்பெட்டியை விரித்து நனைத்தால் போதும், ஒரு போகத்துக்குள் உக்கிவிடும். அதற்கு முதல், பாத்தி வரும் இடத்தில் ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் சுற்றிவர வாய்க்கால் எடுக்காமல் பாத்தி வைக்க வேண்டாம்.

வாடிய தக்காளிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தண்டைச் சாய்வாக வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டபோது சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்நூல் போல வெள்ளையாக இறங்கியது. பற்றீரியா வாடல். அது வெறும் தண்ணீர் தேங்கி வருவதில்லை, மண்ணோடோ கன்றோடோ வந்திருக்க வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் திரும்பத் திரும்ப வைத்த பழைய தோட்டத்து மேல்மண்ணை வழித்து விற்றால் இப்படித்தான். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வட்டப்புழு, அதுவும் அதே வழியில் வருவது. கோரைக்கிழங்கும் பார்த்தீனிய விதையும் மண்ணோடு இலவசமாகக் கிடைக்கும். எனவே மண் எங்கே வெட்டியது என்று கேளுங்கள், ஏற்றிவர அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். போர் நடந்த எங்கள் மண்ணில் இந்தக் கேள்விக்கு இன்னொரு தேவையும் உண்டு. பறித்த மண்ணில் அடையாளம் தெரியாத இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு 119க்கு அறிவியுங்கள்.

பலகைக்கு வருவோம். முதிரை என்று சொன்னது ஏதோ மெல்லிய வெள்ளை மரம். ஓரங்குலம் என்றது அளந்தால் முக்கால் அங்குலமும் இல்லை. மினுங்கிய கறுப்பு, கழித்த எஞ்சின் ஒயில். கறையானுக்கு நல்லது என்பார்கள். கழித்த ஒயிலில் எஞ்சினிலிருந்து தேய்ந்த உலோகமும் எரிந்த எண்ணெயின் நச்சும் இருக்கும், கீரை வைக்கும் மண்ணோடு ஒட்டி நிற்க வேண்டிய பொருள் அல்ல. வண்ணம் எதுவானாலும் பலகையை வாங்கும்போது நுனியை வாளால் ஒரு விரல் அளவு அறுத்து உள்மரத்தைப் பாருங்கள். ஈரமான மண் நிரம்பிய இந்த அளவுப் பாத்தி இரண்டு தொன்னுக்குக் கிட்ட நிறை வரும். 8 அடிப் பலகை நடுவில் முட்டு இல்லாமல் அதைத் தாங்காது. 3 அடிக்கு ஒரு குற்றி, ஒன்றரை அடி நிலத்துக்குள், சாதாரண ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத திருகாணி.

பலகையே வேண்டாம் என்பதுதான் எங்கள் பக்கம். 16 அங்குலச் சீமெந்துக்கல் ஒரு வரிக்கு 18 போதும், இரண்டு வரிக்கு 36. கீழ் வரியில் பாதியை மண்ணுக்குள் இறக்கினால் சாந்து பூசாமலே நிற்கும், இடைவெளியால் தண்ணீரும் வடியும். பழைய கூரை அஸ்பெஸ்ரஸ் துண்டு சும்மா கிடக்கிறதே என்று நட்டுவிடாதீர்கள். உடைந்த விளிம்பிலிருந்து வரும் தூசு சுவாசப்பைக்குள் போகும்.

சொட்டுநீர்க் குழாய் ஆரம்பத்திலிருந்தே சரியாக ஓடவில்லை. தண்ணீர்ப் பரல் வைத்தது 3 அடி உயரத்தில். பூட்டிய சொட்டிகளோ அழுத்தத்தைத் தாமே சமன்செய்யும் வகை, அவை திறக்கவே ஏறக்குறைய 5 மீற்றர் உயரத்துத் தண்ணீர் அழுத்தம் வேண்டும். மோட்டர்க் குழாயில் பூட்ட வேண்டியதைப் பரலில் பூட்டியிருக்கிறார்கள். வடிகட்டியும் இல்லை, சுண்ணாம்புப் படிவு மிச்சத்தையும் அடைத்துவிட்டது. பரல் தண்ணீருக்குச் சாதாரணச் சொட்டியும், 120 மெஷ் வடிகட்டியும், கடைசி முனையில் கழற்றிக் கழுவ ஒரு மூடியும் கேளுங்கள். மூன்று பாத்திக்குக் குழாயே தேவையா என்பது வேறு கேள்வி. கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பாத்திக்கு நாளுக்கு 15 முதல் 20 லீற்றர், இரண்டு வாளி. மேலே 3 அங்குலம் வைக்கோல் அல்லது கிளிசிறிடியா இலை போட்டால் அதிலும் மிச்சம் பிடிக்கலாம்.

கன்றுகள் பற்றி ஒரு வரி: பூவோடு வரும் தக்காளிக் கன்றை வாங்காதீர்கள், வேர் பைக்குள் சுருண்டிருக்கும்.

எல்லாக் காணிக்கும் மேட்டுப்பாத்தி வேண்டும் என்றும் இல்லை. முருங்கன் பக்கத்துக் கரிசலுக்கும் வயலோரப் பள்ளக்காணிக்கும் மண்வெட்டி இறங்காத கிரவலுக்கும் அது பொருந்தும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் தண்ணீர் தானாகவே வடிகிறது, அங்கே பாத்தியைத் தூக்குவது தண்ணீர் இறைக்கும் வேலையைக் கூட்டுவதுதான். இதைக் காணியைப் பார்க்காமலே விலை சொல்கிறவர் சொல்லமாட்டார். உங்கள் கமநல சேவை நிலையப் பிரிவின் விவசாயப் போதனாசிரியர் சொல்வார், காசும் கேட்கமாட்டார். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம்.

இந்த வீட்டுக்காரருக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில் "தோட்ட வேலை" என்ற இரண்டு சொல்லும் மொத்தத் தொகையும்தான். எத்தனை கியூப், என்ன மரம், பராமரிப்பு என்றால் மாதத்துக்கு எத்தனை தடவை, ஒன்றும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஓகஸ்ட் முதல் கிழமை போட்ட பாத்தி நவம்பர் நடுவில் சரிகிறது. கணக்குப் பாருங்கள். வெயிலில் போட்ட பாத்தியின் குறை மழைக்குத்தான் வெளியே வரும், அதற்குள் தவணை முடிந்துவிடும். அதனால் காசை மூன்றாகப் பிரியுங்கள்: பாத்தியின் பலகைச் சட்டம் நட்டு அடி திறந்திருக்கும்போது பார்த்து ஒரு பங்கு, உங்கள் கண்முன் நிரப்பி முடிந்ததும் ஒரு பங்கு, முதல் பெருமழைக்குப் பிறகு கடைசிப் பங்கு. உழவு இயந்திரப் பெட்டியை நீளம், அகலம், உயரம் அளந்து, பறிக்க முன்னம் நாடா தெரியப் படம் எடுங்கள். மண்ணையும் பசளையையும் பலகையையும் வேறு வேறு வரியில், அளவோடு பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

ஏற்கெனவே அகப்பட்டவர்கள் பாத்தியை முழுக்கக் கொட்டத் தேவையில்லை. பக்கவாட்டில் நிலத்தோடு ஒட்டி இரண்டடிக்கு ஒன்றாக அலவாங்கால் துளைத்து, விரிப்பையும் கிழித்துவிடுங்கள், தேங்கிய தண்ணீர் ஓடிவிடும். ஒயில் பூசிய பலகையைக் கழற்றி, அதை ஒட்டிய ஆறங்குல மண்ணையும் வழித்து அகற்றுங்கள், எரிக்க வேண்டாம். மரத்தூள் கலந்த மண்ணில் சணல் விதைத்து, பூக்கத் தொடங்கும்போது வெட்டி மடக்கி, ஒரு மாதம் ஈரமாக விடுங்கள். வாடல் கண்ட பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குறைந்தது மூன்று வருடம் தொடாதீர்கள். அங்கே வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். அதுவரை வெண்டி, பயற்றை, முளைக்கீரை வைக்கலாம்.