ஜாபிக்ஸோடு ஆறு வருடம்: ஒரு நூற்பாலை சர்வர் அறையிலிருந்து

2018 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மில்லின் பில், கணக்கு எல்லாம் ஓடும் ஈஆர்பி சர்வர் நின்றுபோனது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் ஓடும். இரண்டாவதும் போனால் தரவு போய்விடும். முதல் டிஸ்க் எப்போதோ போயிருந்தது. அதைச் சொல்ல முன்பக்கத்தில் ஆரஞ்சு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பூட்டிக் கிடக்கும் அறைக்குள் அதை யார் பார்ப்பது? பேக்கப்பிலிருந்து மீட்டோம். விடுபட்ட இரண்டு நாள் பில்களைக் கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் ராத்திரி வரை உட்கார்ந்து கையால் ஏற்றினார்கள். சில வாரங்களில், சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் கண்காணித்து எச்சரிக்கும் ஜாபிக்ஸ் மென்பொருளின் 4.0 பதிப்பை நிறுவினேன். இன்று 7.0 ஓடுகிறது.

அலெக்செய் விளாடிஷெவ் 1998-இல் தொடங்கி, 2001-இல் பொதுவில் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் இது. நிறுவனம் லாட்வியாவின் ரீகா நகரில் இருக்கிறது. எத்தனை சர்வர், எத்தனை சுவிட்ச் சேர்த்தாலும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. எங்களுக்கு அப்போது அதுவே போதுமான காரணம்.

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு, தயாராக வரும் டெம்ப்ளேட்டில் இருந்த எல்லா டிரிகரையும் (எப்போது எச்சரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை) அப்படியே விட்டது. ஒரு நாளைக்கு நூறு மெயிலுக்கு மேல் வரும். சிபியு ஒரு நிமிடம் ஏறினால் ஒரு மெயில், இறங்கினால் இன்னொன்று. இரண்டே மாதத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பேக்கப் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது என்ற மெயிலும் அந்தக் கூட்டத்தில்தான் நான்கு நாள் கிடந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வயிறு கலங்கியது.

பிறகு ஒவ்வொரு டிரிகராக உட்கார்ந்து திருத்தினேன். கடைசி அளவை மட்டும் பார்க்காமல் பத்து நிமிடச் சராசரியைப் பார்க்க வைத்தேன். 90 சதவீதத்தில் எழும் அலர்ட் 80-க்குக் கீழே வந்தால்தான் அடங்கும்படி, மீளும் நிபந்தனையைத் தனியாக எழுதினேன். கிளை சுவிட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் முப்பது கருவிகளும் கத்தாமல், சுவிட்சுக்கு மட்டும் ஒரு அலர்ட் வரும்படி சார்பு போட்டேன். டிஸ்க் விஷயத்தில் சதவீதத்தை நம்புவதையே விட்டுவிட்டேன். 10 டிபி டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 1 டிபி இருக்கிறது. 50 ஜிபி டிஸ்க்கில் 5 ஜிபிதான். இப்போது ஏறுகிற வேகத்தில் நிரம்ப எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிடும் டைம்லெஃப்ட் செயல்பாடு இதில் உண்டு. 24 மணி நேரத்துக்குக் கீழே போனால் மட்டும் என் போன் அடிக்கும். என்னைக் கேட்டால், இந்த ஒன்றுக்காகவே ஜாபிக்ஸை வைத்துக்கொள்வேன்.

நெட்வொர்க் வரைபடம் ஒருமுறை என்னை ஏமாற்றியது. லைன் திணறுகிறது என்று புகார் வரும், வரைபடமோ குறைவான போக்குவரத்தைக் காட்டும். நெட்வொர்க் கருவிகளிடம் அளவு கேட்கும் எஸ்என்எம்பி முறையில், கடந்துபோன தரவை எண்ணும் 32 பிட் கவுன்டரை நிமிடத்துக்கு ஒருமுறை படித்துக்கொண்டிருந்தோம். 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் அந்தக் கவுன்டர் சுமார் 34 வினாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். 64 பிட் கவுன்டருக்கு மாற்றிய அன்றே உண்மை தெரிந்தது.

தரவுத்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா அளவையும் ஒரு வருடம் வைத்திருக்கச் சொன்னது நான்தான். அப்போதைய தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் வீங்கி, பழைய வரிகளை அழிக்கும் வேலை ஓடும்போதெல்லாம் திரை உறைந்தது. 5.0-க்கு மாறும்போது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நேரவாரியான தரவுக்காக அதோடு சேரும் டைம்ஸ்கேல்டிபி என்று புதிதாகத் தொடங்கினேன். இப்போது முழு விவரம் 14 நாள், மணிக்கு ஒருமுறை திரட்டும் சுருக்கம் இரண்டு வருடம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பிரச்சினை வரவில்லை.

கிளைகளில், அங்குள்ள அளவுகளைத் திரட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் ஜாபிக்ஸ் ப்ராக்ஸி வைத்திருக்கிறோம். லைன் அறுந்தால் அளவுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும். தலைமை அலுவலகத்தின் இணையமே போனால் மெயிலும் போகாது என்பதால் சிம் கார்டு வழியாக எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு ஜிஎஸ்எம் மோடமும் உண்டு. ஜாபிக்ஸ் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது.

போன மே மாதம், ராத்திரி 2:40-க்கு அந்த மோடத்திலிருந்து எஸ்எம்எஸ். சர்வர் அறை 31 டிகிரி. பத்து நிமிடத்தில் 34. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"ஏசி சத்தமே இல்லீங்க தம்பி. உள்ளே அடுப்பாட்டம் இருக்குதுங்க."

"அண்ணே, கதவை நல்லாத் திறந்து வெச்சு, பெரிய ஃபேனை உள்ள பாத்துத் திருப்புங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

கிளம்பும் முன் சோதனை சர்வர்களை வீட்டிலிருந்தே அணைத்தேன். காலை ஒன்பது மணிக்கு பில் போடுவது வழக்கம்போலத் தொடங்கியது.

மென்பொருளைச் சின்னச் சின்னக் கன்டெய்னர்களாக ஓட்டும் குபெர்னெட்டிஸிலேயே முழுக்க ஓடுகிறவர்களுக்கு, புரொமீதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள்தான் பொருந்தும். கன்டெய்னர்கள் பிறந்து மறையும் வேகத்துக்கென்றே அமைந்தது அது. எங்களைப் போல சர்வர், சுவிட்ச், யுபிஎஸ் என்று கையால் தொடக்கூடிய இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் தயங்காமல் ஜாபிக்ஸைப் போடலாம். டிரிகர் எழுதும் முறை கைவர இரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை டெம்ப்ளேட்டில் பாதியை அணைத்தே வையுங்கள்.