அப்பாவின் ராலியைப் பளபளப்பாக்கக் கொடுத்தேன்: பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் பழைய சீமை சைக்கிள் இருக்கிறதா? அதை 'ரெஸ்டோர்' பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்குப் போன வருஷம் நடந்தது. போன பணம் 32,000 ரூபாய். பணம் பெரிதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பென்ஷன்காரனுக்கு அது பெரிய பணம்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியப்பா, 1953இல் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பினார். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்துக்கு வரும் கப்பல் கடலிலேயே நிற்கும். ஆளும் சாமானும் படகில்தான் கரைக்கு வர வேண்டும். அப்படிப் படகில் இறங்கி வந்தது இந்த ராலி. இங்கிலாந்தில் நாட்டிங்காமில் செய்தது. 24 அங்குல ஃப்ரேம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக். கழுத்தில் நாரைத் தலை போட்ட தகடு. பெடல் போடும் பல்சக்கரத்திலும் மூன்று நாரைத் தலைகள் வெட்டியிருக்கும். புரூக்ஸ் தோல் சீட். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடு உருளை). கியர் முழுக்க அந்த ஹப்புக்கு உள்ளேயே இருக்கும். வெளியே தெரிவதெல்லாம் வலது பக்க அச்சின் நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பொடிச் சங்கிலிதான்.

பெரியப்பா அதை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாத்தியார், பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீட்டர். அக்கா கல்யாணத்துக்குக் கும்பகோணத்தில் பாத்திரம் வாங்கியபோது, பேர் வெட்டுகிறவரிடம் சைக்கிளையும் நிறுத்தி, ஹப்பின் மேல் 'வை.கோ.' என்று வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். பித்தளையில் வெட்டிப் பழகிய கை. குரோம் போட்ட இரும்பில் உளி சறுக்கிவிட்டது. 'கோ'வின் கொம்பு வால் மாதிரி இழுத்துக்கொண்டு போயிருக்கும். "குடத்துக்கு ஒழுங்கா வெட்டுறான், எனக்கு மட்டும் வால் வச்சுட்டான்" என்று அப்பா கடைசிவரை சொல்வார். இந்த வாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பிறகு அது கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் இருபது வருஷம் நின்றது. நான் ரிடையர் ஆன பிறகுதான் எடுத்தேன். எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய ஐந்தாறு பேர் காலையில் நடப்பதற்குப் பதிலாக சைக்கிளில் நாகூர்வரை போய் டீ குடித்துவிட்டு வருவோம். ஒருவரிடம் பழைய ஹெர்குலிஸ், ஒருவரிடம் இரட்டைக் குழாய் ஃபோர்க் வைத்த ஹம்பர். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடையைவிட இது இதம். அதிலும் எதிர்காற்றில் முதல் கியர் இருந்தால் சுகமே வேறு. என் ராலியின் கியர்தான் மூன்றாவதில் சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை. கடல் காற்றில் ரிம், மட்கார்ட் எல்லாம் துரு.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயிடம் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "ஒண்ணும் ஆகல தம்பி, உள்ள எண்ணெய் காஞ்சு பிசினாயிருக்கு. மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு நாள் சுத்தினா தானா வந்துரும். பெயின்டத் தொடாதீங்க" என்றார். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "ஐந்நூறு குடுங்க" என்றார்.

ஐந்நூறு ரூபாய் வேலை என்பதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன். போனில் பளபளவென்று பழைய சைக்கிள் படங்களாகப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன்.

பெரிய நகரம் ஒன்றில் இதற்கென்றே கடை வைத்திருக்கும் ஒரு இளைஞர். பேரும் ஊரும் சொல்லப்போவதில்லை. வெள்ளைச் சுவர், மஞ்சள் விளக்கு, சுவரில் படம் மாட்டுவதுபோல் ஒரு சைக்கிள். என் வண்டியைப் பார்த்ததும் குனிந்து முதலில் பார்த்தது ஹப்பைத்தான். "அங்கிள், இது ஹெரிடேஜ் பீஸ். இதைத் தெருக்கடையில் கொடுத்துக் கெடுத்துடாதீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்பணம் 20,000, டெலிவரியில் 12,000. 45 நாள் என்றார். பில் கேட்டேன். "வேலை முடிஞ்சதும் மொத்தமா போட்டுடலாம் அங்கிள்." வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அதுதான் என்னிடம் இருந்த ரசீது.

ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு போன்: "அங்கிள், கியர் ஹப் உள்ளே பல் எல்லாம் போயிடுச்சு. இந்தப் பார்ட் உலகத்திலேயே கிடைக்காது. சாதா ஹப் போட்டுடறோம்." பழைய ஹப்பையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். "ஸ்க்ராப்ல போயிடுச்சே" என்றார். வருத்தமாக இருந்தது, ஆனால் நம்பினேன். விஷயம் தெரிந்தவர் சொல்கிறார், சரி என்று இருந்துவிட்டேன்.

வண்டி வந்த அன்று வீடே கூடிவிட்டது. கறுப்பு கண்ணாடிபோல் மின்னியது. தங்கக் கோடு ஸ்டிக்கர் என்பது கையால் தடவிய பிறகுதான் தெரிந்தது. முன்பு இருந்தது கையால் இழுத்த கோடு. ஒரு இடத்தில் தடிமனாகவும் ஒரு இடத்தில் மெலிசாகவும் ஓடும். பேரன் கைதட்டினான். நான் மீதிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை நாகூர்ப் பக்கம் கிளம்பினால், ஒவ்வொரு மிதிக்கும் காலுக்கடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கிராங்கை (பெடல் தண்டு) அச்சோடு இறுக்கும் காட்டர் பின் லூசாக இருக்கும் என்று பாய் கடையில் நிறுத்தினேன். பாய் சுத்தியலை எடுக்கவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்தார். ஹேண்டில்பார் குரோமில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். வெங்காயத் தோல்போல் உரிந்தது. "குரோமுக்கு அடியில நிக்கலே போடல. இந்த உப்புக் காத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காது." பல்சக்கரத்தைப் பார்த்தார். நாரைகளைக் காணோம், லூதியானா சரக்கு வட்டமாக உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருந்த எட்டுப் பேரில் யாருமே அதைக் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். சீட்டைத் தட்டினார்: தோல் இல்லை, ரெக்சின். ஃபோர்க்கை மட்டும் விட்டுவைத்திருக்கிறான் என்றார்.

அப்புறம் கிராங்கைக் கழற்றினார். அங்கேதான் உண்மையான சேதம். ராலிக்காரன் தன் வண்டிகளுக்குத் தனி மரை வைத்திருந்தான். பெடல் அச்சு உட்காரும் கப்புக்கு அங்குலத்துக்கு 26 சுற்று. மற்ற கம்பெனிகளுக்கும் நம்மூர்ச் சாதாரண வண்டிகளுக்கும் 24. அச்சோடு கப்பையும் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த 26 மரைக்குள் 24 மரைக் கப்பைத் தடியால் அடித்துத் திருகியிருக்கிறார்கள். பாதிச் சுற்றோடு மரை கழன்றுவிட்டது. ஆடாமல் இருக்க ஓரத்தில் வெல்டிங்கில் ஒட்டு வைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பாய் விரலை உள்ளே விட்டுத் தடவிவிட்டு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அறுபது எழுபது வருஷம் தாங்கிய மரை, மணல்போல் உதிர்ந்தது.

போன் போட்டேன். "அங்கிள், பழசு எல்லாம் தேஞ்சிருந்தது. சேஃப்டிக்காக மாத்தினோம். நீங்க ஓகே சொன்னீங்களே." நான் ஓகே சொன்னது ஹப்புக்கு மட்டும். பழைய சாமானைக் கேட்டேன். "குப்பைக்குப் போயிடுச்சு." மூன்றாவது தடவை போனை எடுக்கவில்லை. அதோடு சரி.

இரண்டு மாதம் கழித்து என் தங்கை மகன், பழைய சைக்கிள் சாமான் விற்கும் ஒரு விளம்பரத்தைப் போனில் காட்டினான். 'இங்கிலாந்து ஒரிஜினல், மூன்று கியர், நல்ல வொர்க்கிங் கண்டிஷன், 6,500.' முதல் படத்தில் ஹப்பில் அடித்த எழுத்து தெரிந்தது: ஏ.டபிள்யூ. (ஹப்பின் மாடல்), பக்கத்தில் 52, அதற்குப் பக்கத்தில் 4. ஸ்டர்மி ஆர்ச்சர்காரர்கள் செய்த வருஷத்தையும் மாதத்தையும் இப்படி ஹப்பிலேயே அடித்துவிடுவார்கள். அதாவது 1952 ஏப்ரல். எத்தனையோ ஹப்பில் அப்படி இருக்கும், அது அத்தாட்சி ஆகாது. இரண்டாவது படத்தில் ஹப்பைத் திருப்பி வைத்திருந்தார்கள். 'வை.கோ.' வாலோடு.

என் பேரைச் சொன்னால் விளம்பரம் காணாமல் போய்விடும் என்று தங்கை மகன் பேரில் பணம் கட்டினோம். பார்சல் வந்தது. அனுப்பியவர் வேறு ஆள். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, அவர் கள்ளம் இல்லாமல் அந்தக் கடையின் பேரையே சொன்னார். ஆக, அப்பா பேர் வெட்டிய ஹப்பை 6,500 கொடுத்து நானே வாங்கியிருக்கிறேன். பாய் அதன் எண்ணெய் மூடியைத் திறந்து மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு நாள் சுற்றி வடித்து, மெல்லிய எண்ணெய் விட்டார். மூன்று கியரும் விழுந்தன. உள்ளே ஒரு பல்லும் போகவில்லை. (கிரீஸ் அடைக்கக் கூடாதாம், உள்ளே பல்லில் விழும் பொடி நாக்குகள் ஒட்டிக்கொள்ளும்.)

இதே மாதிரி ஹப் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 'பார்ட் கிடைக்காது' என்பதை நம்பாதீர்கள். இந்த ஏ.டபிள்யூ. அமைப்பு 1936இல் வந்தது. பல பத்தாண்டுகள் அதிகம் மாறாமல் ஓடியதால் ஒன்றின் உள்சாமான் பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேரும். கியர் விழவில்லையென்றால் முதலில் எண்ணெய், அதற்கடுத்து கேபிள். லீவரை இரண்டாவதில் வைத்துவிட்டு, வலது பக்க நட்டில் இருக்கும் ஓட்டை வழியாகப் பாருங்கள். பொடிச் சங்கிலி கோத்திருக்கும் கம்பியின் தோள்பட்டை, அச்சின் முனையோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். நின்றால் கேபிள் சரி. இது தெரிந்திருந்தால் எனக்கு 32,000 மிச்சம்.

வண்டியை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் படம் எடுங்கள். முழு வண்டியை ஒரு படம் எடுத்தால் போதாது. ஹப்பின் எண், சீட்டுக்குக் கீழே ஃப்ரேமில் அடித்த எண், பல்சக்கரம், சீட்டின் அடிப்பக்கம், பெடல், பெல், விளக்கு எல்லாம் தனித்தனியாக வேண்டும். எது மாற்றினாலும் பழையதைப் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். பழைய பெயின்ட் முக்கால்வாசி இருந்தால் அதைத் தொடவே விடாதீர்கள். சேகரிப்பவர்கள் விலை பேசும்போது தேடுவது அந்தக் கீறல் விழுந்த பழைய கறுப்பைத்தான். வெளியூரில் பழைய சைக்கிள் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேட்டபோது, அவர்களுக்கும் இப்படியே புரூக்ஸ் சீட்டு போயிருக்கிறது, வேறு வேறு ஊரில்.

புகார் கொடுத்தீர்களா என்று பலர் கேட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம்வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் பணம் போன வங்கி விவரம், வாட்ஸப் பேச்சு, அந்த விற்பனை விளம்பரத்தின் படம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். மனு தயார். வீட்டுக்காரி "இந்த வயசுல கோர்ட்டா" என்கிறாள். போடத்தான் போகிறேன்.

மரை போன ஃப்ரேமுக்கு லேத்தில் உள்ளே ஒரு வளையம் கடைந்து பொருத்தி, பழைய ராலி கப்பே சேரும்படி பாய் செய்து கொடுத்தார். அந்தக் கப்பை வேறொரு செத்த ராலியிலிருந்து எடுத்தோம். போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, ஹப் மறுபடி சக்கரத்தில் ஏறிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது கியரில் டிக் டிக் என்று பேசும்; முதல் கியரில் வாயை மூடிக்கொள்ளும். எதிர்காற்றில் சத்தமில்லாமல் போகலாம். புது பெயின்ட் ஏற்கெனவே இரண்டு இடத்தில் உரிந்துவிட்டது, உரியட்டும்.

சீட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. புரூக்ஸ் பி.66, கரும்பழுப்பு. முன்மூக்கில் இருக்கும் ரிவெட்டுகளில் ஒன்று மட்டும் செம்பு இல்லை, இரும்பு. அடியில் இடது பக்கம் செருப்புத் தைப்பவர் வைத்த முக்கோண ஒட்டு, வெள்ளை நூலில் ஏழு தையல். எங்கேயாவது விற்பனைக்குப் பார்த்தால் தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.