டெல்டாவுக்கு ஒரே லென்ஸ்: கேனன் 18–135 எஸ்.டி.எம். ஒரு மதிப்பீடு

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று காவிரி டெல்டாவைச் சுற்றிப் படமெடுக்கக் கிளம்பும் ஓய்வுநேரப் புகைப்படக்காரர் பையில் ஒரே ஒரு லென்ஸை மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், அது கேனன் இஎஃப்-எஸ் 18–135 மி.மீ. எஃப் 3.5–5.6 ஐ.எஸ். எஸ்.டி.எம். ஆக இருக்கலாம் என்பது என் கருத்து. பெயரிலுள்ள மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவு நெருங்கும்; எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது; ஐ.எஸ். என்பது நடுக்கத் தடுப்பு, எஸ்.டி.எம். என்பது குவியத்தைப் பிடிக்கும் மோட்டாரின் வகை. 2012-இல் வெளிவந்த லென்ஸ் இது, 2016-இல் யு.எஸ்.எம். மோட்டாருடன் அடுத்த வடிவமும் வந்துவிட்டது. ஆயினும் பழைய கேனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள், மற்றொருவர் பயன்படுத்திய லென்ஸைக் கைமாற்றில் வாங்குவதற்கு இன்றும் முதலில் தேடுவது இதைத்தான். இதன் கூர்மையை அளந்து காட்டும் சோதனைப் படங்கள் இணையத்தில் ஏராளமாக இருப்பதால், செங்கல் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலையை நான் செய்யவில்லை. இந்த நிலம் ஒரு லென்ஸிடம் எதைக் கேட்கிறது, கேட்டதில் எவ்வளவை இது கொடுக்கிறது என்பதே இங்கே எழுத விரும்புவது.

எடை 480 கிராம், முன்பக்கத்தில் மாட்டும் ஃபில்டரின் அளவு 67 மி.மீ. கேனனின் சிறிய சென்சார் கேமராக்களில் மட்டுமே பொருந்தும் என்பதால், முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சார் கணக்கில் இதன் பார்வை ஏறத்தாழ 29 முதல் 216 மி.மீ. வரை செல்கிறது. நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய எடைதான்.

டெல்டாவில் படமெடுப்பதன் முதல் சிக்கல் நிலம் தட்டையாக இருப்பது. ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. ஆற்றின் கரை, பாலம், ரயில்வே மேம்பாலம் ஆகியவற்றை விட்டால் கண்மட்டத்துக்கு மேலே போக வழியில்லை. நடவு முடிந்த வயலைப் பார்த்தவுடன் எல்லோரும் செய்வதுபோல 18 மில்லிமீட்டரில் அகலமாக எடுத்தால், நேரில் கண்ணை நிறைத்த பச்சை படத்தில் ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. மேலே பாதி வெறும் வானம், கீழே காலடியில் உள்ள வரப்பும் சேறும். அதே இடத்தில் நின்று 100-க்கு மேல் திருப்பி, தொலைவில் உள்ள நாற்றங்கால், அதற்குப் பின்னால் வாய்க்கால் கரை, அதற்கும் பின்னால் தென்னந்தோப்பு, அதன் மேலாக எட்டிப் பார்க்கும் கோபுரம் என்று அடுக்கடுக்காகச் சட்டத்துக்குள் நெருக்கி வைத்தால்தான் டெல்டா டெல்டாவாகத் தெரிகிறது. நல்ல தொலைவில் நின்று அந்தத் தொலைவை லென்ஸின் நீண்ட முனையால் வெட்டி எடுப்பதால் வரும் விளைவு இது. நான் எடுத்து வைத்திருக்கும் வயல்வெளிப் படங்களில் தேறியவை பெரும்பாலும் 50-க்கும் 135-க்கும் இடையில் எடுத்தவையே.

இந்த இடத்தில்தான் இதற்குப் போட்டியாகச் சொல்லப்படும் 18–55, 55–250 என்ற இரட்டை லென்ஸ் ஜோடி எனக்குச் சரிப்படவில்லை. அந்த ஜோடி விலை குறைவு, எட்டும் தூரமும் அதிகம், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்ட வேண்டிய எல்லை 55 மில்லிமீட்டரில் விழுகிறது. டெல்டாவில் மனிதர்களையும் வயலையும் மாறி மாறி எடுக்கும்போது கை ஓயாமல் கடந்துபோகும் எல்லை அதுவே. பூம்புகார் கடற்கரையின் மணற்காற்றிலோ, அறுவடைக் காலத்தில் நெல் தூற்றும் களத்தின் தூசியிலோ கேமராவின் வாயைத் திறந்து வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். மேலும், நாற்று முடிச்சுகளைத் தலையில் சுமந்து வரும் அக்காவிடம், "ஒரு படம் எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்டு, அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்த பிறகு, "இதோ, லென்ஸை மாற்றிவிடுகிறேன்" என்று சொல்லி அவரைச் சேற்றில் நிற்க வைப்பது முறையும் அல்ல.

திருவாரூர் ஆழித்தேர் ஓடும் நாளில் இதன் பயன் இன்னும் தெளிவாகப் புரியும். அலங்காரத்துடன் 96 அடி உயரம் என்று சொல்லப்படும் அந்தத் தேர் அசைந்து வரும்போது, கூட்டம் நம்மை நகர்த்திச் செல்லுமே தவிர, நாம் விரும்பிய இடத்தில் நிற்க முடியாது. தேர் முழுவதையும் அடக்க 18. வடம் பிடித்து இழுப்பவர்களின் முகமும் கைகளும் வேண்டுமானால் 135. இரண்டுக்கும் இடையில் இடது கையின் ஒரு திருப்பல் மட்டுமே. எஸ்.டி.எம். மோட்டார் பகல் வெளிச்சத்தில் வேகமாகவும் ஓசையின்றியும் குவியத்தைப் பிடிக்கிறது. காணொளி எடுப்பவர்களுக்கு இது கூடுதல் வசதி.

இனி, அகல முனையின் எல்லையைச் சொல்ல வேண்டும். அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் கடுமையான தேர்வு கிடையாது. 1010-இல் குடமுழுக்குக் கண்ட இக்கோயிலின் விமானம் ஏறக்குறைய 216 அடி. அருகில் நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், கட்டடம் பின்னால் சரிந்து விழுவதுபோலப் படத்தில் வரும். சாய்க்காமல், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி மட்டமாகப் பிடித்து, 18 மில்லிமீட்டரில் கலசம் வரை அடக்க வேண்டுமானால், கணக்குப்படி நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே பின்வாங்க வேண்டும். கிழக்கே அவ்வளவு தூரம் விலகினால் மகாமண்டபமும் நந்தி மண்டபமும் குறுக்கே வந்துவிடும். மற்ற மூன்று திசைகளிலும் திருச்சுற்று மாளிகையின் சுவர் அதற்கு முன்பே நம் முதுகில் முட்டும். மிஞ்சுவது பின்பக்க மூலைகள்தாம். அங்கிருந்து பார்க்கும் கோணம் தேவையான தொலைவுக்கு மிக அருகில் வருகிறது, சிறிதளவு சாய்த்தால் போதும். தென்மேற்கு மூலையில் மாலை வெயில் விமானத்தின் மேற்கு முகத்தில் விழும் நேரம் இந்த லென்ஸுக்கும் உகந்த நேரம். நண்பகலில் அங்கே நின்று பரிசோதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறுங்காலில் அந்தக் கல்தளத்தைத் தாங்க முடியாது, ஒளியும் அந்நேரத்தில் சிற்பங்களைத் தட்டையாக்கிவிடும். ஆகவே இழப்பு ஒன்றுமில்லை.

18 மில்லிமீட்டரில் நேர்கோடுகள் வெளிப்புறமாக வளைவதும் இவ்வகை ஜூம் லென்ஸ்களுக்கு உரிய இயல்பு. மரமும் முகமும் எடுக்கும்போது அது கண்ணில் படாது. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் நீண்ட படை வரிசைகளைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தால் உடனே காட்டிக்கொடுக்கும். 24-க்குத் திருப்பி இரண்டடி பின்னால் போவது ஒரு வழி. படத்தைத் திருத்தும் மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தைப் போடுவது மற்றொரு வழி. அப்படிச் செய்கையில் ஓரம் சிறிது வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே இடம் விட்டு எடுக்க வேண்டும்.

தாராசுரத்தில் நிலைமை தலைகீழ். இரண்டாம் இராசராசனின் 12-ஆம் நூற்றாண்டு ஐராவதேசுவரர் கோயிலில் பெருமை உயரத்தில் இல்லை, நுணுக்கத்தில் இருக்கிறது. நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சிறு புடைப்புச் சிற்பங்களும், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் ரிஷபகுஞ்சரமும் கையகலத்தில் அடங்குபவை. இந்த லென்ஸ் 39 செ.மீ. நெருக்கத்திலும் குவியும், நீண்ட முனையில் அந்த நெருக்கத்தில் ஏறத்தாழ 8 செ.மீ. அகலமுள்ள பரப்பு சட்டத்தை நிறைத்துவிடும். தனி மேக்ரோ லென்ஸ் இல்லாமலே உளித்தடம் வரை எடுக்க முடிகிறது. பக்கவாட்டு ஒளி தவழும் காலைப் பொழுதில் சென்றால் போதும். டெல்டாவில் இந்த லென்ஸ் எனக்கு மிகுந்த நிறைவு தந்த இடம் இதுவே.

மண்டபங்களுக்குள் நுழைந்தவுடன் லென்ஸின் ஏழ்மை தெரிந்துவிடுகிறது. கருவறையைப் படமெடுக்க எங்கும் அனுமதி இல்லை, அது பேச்சுக்கு அப்பாற்பட்டது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும். எனவே தூண்களுக்கிடையே கிடைக்கும் அரை வெளிச்சத்தில் கையில் பிடித்தே எடுத்தாக வேண்டும். லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு நான்கு ஸ்டாப் வரை உதவும் என்கிறது கேனன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அகல முனையில் கால் நொடி வரை தூணும் விதானமும் கூர்மையாகக் கிடைப்பதை நம்பலாம். ஆனால் அது தடுப்பது நம் கை நடுக்கத்தை மட்டுமே. தீபத்தின் சுடரும், வலம் வருபவர்களின் நடையும், ஓதுவாரின் முகமும் அசைந்துகொண்டுதான் இருக்கும், அவற்றை நிறுத்தப் பெரிய துளை வேண்டும். நீண்ட முனையில் எஃப் 5.6 என்பது அதற்குப் போதாது. இருட்டு மிகுந்தால் ஆட்டோ ஃபோகஸும் முன்னும் பின்னும் தேடி அலையும்.

சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகளுக்குச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகக் குழம்பை ஊற்றும் அந்த வேலை பெரும்பாலும் நிழலான கொட்டகைக்குள் நடக்கிறது. குழம்பு பளீரென்று எரியும், அதை ஊற்றும் கை இருளில் இருக்கும். இங்கே 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். என்ற சிறிய லென்ஸ் துணைக்கு இருக்க வேண்டும். அதன் எடை சுமார் 160 கிராம்தான், எஃப் 5.6-உடன் ஒப்பிட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒரே லென்ஸ் என்று தொடக்கத்தில் நான் சொன்னதற்கு விதிவிலக்கு வேண்டுமானால் இந்தப் பட்டறைகளும் மாலை நேர மண்டபங்களும்தாம்.

கோடியக்கரைக்கு இதை மட்டும் கொண்டு போக வேண்டாம். வெளிமான் கூட்டம் புல்வெளியில் நிற்பதை நிலக்காட்சியாக எடுக்கலாம். பூநாரைகள் வெறும் புள்ளிகளாகவே வரும். போகும் வழியில் உள்ள வேதாரண்யம் உப்பளங்களில் மட்டும் இது நன்றாக வேலை செய்கிறது. அங்கே வெண்மையைக் கண்டு கேமராவின் ஒளிமானி ஏமாந்து உப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிவைப்பது நல்லது.

67 மில்லிமீட்டரில் ஒரு போலரைசர் ஃபில்டர் வாங்குவது வீண்செலவு ஆகாது. குவியம் மாறும்போது இந்த லென்ஸின் முன்பகுதி சுழல்வதில்லை. ஆகவே திருப்பி வைத்த ஃபில்டர் வைத்த நிலையிலேயே இருக்கும். மழை நின்றபின் நெற்பயிரின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்பை அகற்றி உள்ளிருக்கும் பச்சையை அது வெளிக்கொண்டு வருகிறது. நடவுக்கு முன் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் வானத்தின் பிம்பம் வேண்டுமென்றால் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும்; இரண்டையும் ஒரே படத்தில் பெற முடியாது.

மழைக்கும் தூசிக்கும் எதிரான காப்பு இதில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே எடுப்பதானால் பாலித்தீன் உறையும் துண்டும் கையில் இருக்க வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக டெல்டாவின் புழுக்கத்துக்குள் வந்தால் முன்கண்ணாடி முழுவதும் பனித்துப்போகும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்காமல், கும்பகோணத்தில் இருந்தால் ஒரு டிகிரி காபியை நிதானமாகக் குடித்துவிட்டு இன்னும் சற்று நேரம் தெருவை வேடிக்கை பார்ப்பது சிறந்த மருந்து. ஊர் திரும்பியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்காவிட்டால், இந்த ஈரப்பதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும்.

கைமாற்றில் வாங்குபவர்கள் பார்க்க வேண்டியதும் முதலில் அந்தப் பூஞ்சையைத்தான். பின்மூடியைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால், நூல்நூலாகப் படர்ந்திருப்பது தெரியும். சில தூசிகள் இருப்பது படத்தைக் கெடுக்காது. நூல்வலை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிட வேண்டும். அடுத்து, கேமராவில் மாட்டி, நடுக்கத் தடுப்பை இயக்கி, நீண்ட முனையில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பார்க்கவும். வ்யூஃபைண்டரில் காட்சி சட்டென்று நிலைகொள்ள வேண்டும். குவிய வளையத்தைச் சோதிக்கும்போது கேமரா இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும். இந்த வளையம் மோட்டாரின் வழியாகவே வேலை செய்வதால், கேமரா அணைந்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது, அது பழுது அல்ல. இ.டபிள்யூ.-73பி என்ற வெயில் மூடியைக் கேனன் தனியாகவே விற்கிறது. விற்பவரிடம் அது இருந்தால் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.