கடைமடைக்கு எந்த வாசல்: உரிமை மனுவா, பசுமைத் தீர்ப்பாயமா?

காவிரி டெல்டாவின் கடைமடையான தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளில் கோடையில் முகத்துவாரம் வழியே உப்புநீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. சட்ரஸ் பலகை (நீரொழுங்கியின் கதவு) சரியாக இறங்காத இடங்களில் அது வாய்க்கால்வரை வந்துவிட, அடுத்த சம்பாவில் நட்ட பயிரின் நுனி கருகுகிறது. காலநிலை மாற்றத்தால் கூடிவரும் இந்தப் பாதிப்புக்கு அரசைப் பொறுப்பாக்க நினைக்கும் விவசாயிகள் சங்கத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம். மற்றொன்று, வாழ்வுரிமையை முன்வைத்து உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் ரிட் மனு, அதாவது உரிமை மனு.

2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயத்தில் துறை வல்லுநர்களும் அமர்கிறார்கள். எண்ணெய்க் குழாய் உடைந்து வயல் பாழானால் அங்கே போவதே சுருக்கு வழி. ஆனால் அதன் அதிகாரம் அட்டவணையிலுள்ள ஏழு சட்டங்களுக்குள் அடங்கியது. வழக்குக்கான காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீடு என்றால் ஐந்தாண்டுக்குள்ளும் மனு செய்ய வேண்டும். உப்பு எந்தத் தேதியில் ஏறத் தொடங்கியது என்று எவரால் சொல்ல முடியும்? மேலும், 2017-இல் உத்தராகண்டைச் சேர்ந்த ஒரு சிறுமி தொடுத்த காலநிலை வழக்கை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலேயே காலநிலையும் அடங்கும் என்று கூறி 2019-இல் தீர்ப்பாயம் முடித்துவைத்தது.

உரிமை மனுவுக்கு இப்போது உறுதியான அடித்தளம் கிடைத்திருக்கிறது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளிலிருந்து பிறக்கிறது என்று 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த வழக்கு கானமயில் என்ற அரிய பறவையையும் மின்கம்பிகளையும் பற்றியது என்பதையும், தீர்ப்பின் விளைவாகச் சூரிய மின்சாரத்துக்கான கம்பிகளின் மீதிருந்த கட்டுப்பாடே தளர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. உழவருக்கு அரசு இன்னதைச் செய்ய வேண்டும் என்று அதில் எந்த உத்தரவும் இல்லை.

ஆகவே எதைக் கேட்பது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 2019-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், 1990-ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டு 2020-க்குள் பசுங்குடில் வாயு உமிழ்வை 25 விழுக்காடாவது குறைக்குமாறு தன் அரசைக் கட்டாயப்படுத்தியது. பெருமைக்குரிய தீர்ப்புதான், ஆயினும் அதைப் பின்பற்றி வென்றால்கூட வெள்ளையாற்றில் உப்பு நிற்காது. நமக்கு நெருக்கமானது 2015-ஆம் ஆண்டின் பாகிஸ்தான் லாகூர் வழக்கு. அங்கே ஒரு விவசாயி புதிய இலக்கு எதையும் கோரவில்லை. அரசு 2012-இல் தானே வகுத்த காலநிலைக் கொள்கையை நிறைவேற்றவில்லை என்றார். நீதிமன்றம் அதை வாழ்வுரிமை மீறலாகக் கண்டு, ஆணையம் அமைத்து, வேலையைத் தொடர்ந்து கண்காணித்தது.

டெல்டாவிலும் பிடிக்கத் தக்க வாக்குறுதி உண்டு: ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரிலேயே, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு உள்ளிட்ட வெண்ணாற்று வடிநிலப் பணிகள் எடுக்கப்பட்டன. எந்த நீரொழுங்கி இயங்குகிறது, எது இயங்கவில்லை என்ற பட்டியலையும் மண் பரிசோதனை அட்டைகளையும் இணைத்து, பராமரிப்புக்குக் கால வரையறை கோரும் ரிட் மனுவையே நான் தேர்வேன். ஒரே வெண்ணாற்றுப் பாசனமானாலும் தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை மாவட்டத்தார் சென்னைக்கும் போக வேண்டியிருப்பதால், உப்பு ஏறும் கடைமடைக்காரர்களை மனுதாரர்களாக வைத்துச் சென்னையில் தொடுப்பதே பொருத்தம்.