புடாபெஸ்டுக்கு ஒரு பகல் போதாது: மத்திய ஐரோப்பியச் சுற்றுலா பற்றிய மதிப்பீடு

பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று தலைநகரங்களையும் ஒரே சுற்றில் காட்டும் திட்டத்தில், மதுரையிலுள்ள ஒரு பயண நிறுவனத்தின் மூலம் என் பெற்றோருடன் சென்று வந்தேன். விசாவுக்கான ஆவணங்களைப் பொறுமையாகச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். தங்கும் விடுதிகள் தூய்மையாக இருந்தன. இரவுச் சாப்பாடு இந்திய உணவகங்களில் கிடைத்தது. ஆனால் புடாபெஸ்டுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஒரே ஊராகப் பிறந்து வளர்ந்த நகரம் அன்று. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் குன்றுகளின் மேல் புடா, அதற்கு வடக்கே ஓபுடா, எதிர்க்கரையின் சமவெளியில் பெஸ்ட் எனத் தனித்தனியாக இருந்த மூன்று ஊர்களை 1873ஆம் ஆண்டில்தான் ஒன்றாக இணைத்தார்கள்.

இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி, புடாவையும் பெஸ்டையும் இணைக்கும் சங்கிலிப் பாலத்தின் மேல் உள்ளூர் வழிகாட்டி எங்களை நடத்திச் சென்ற நேரம்தான். இதற்காகவே அந்நிறுவனத்தை மனதாரப் பாராட்டுகிறேன். பேருந்திலேயே கடந்துவிடாமல் பெஸ்ட் கரையில் எங்களை இறக்கி, கற்சிங்கங்களைத் தாண்டி நடைபாதையில் அழைத்துப் போனார். பாலத்தைத் தாங்கும் சங்கிலி நாம் நினைப்பதைப் போல வளையம் வளையமாகக் கோத்தது அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, முனைகளில் துளையிட்டு, தடித்த ஆணிகளால் பிணைத்திருக்கிறார்கள். பாலத்தின் நடுப்பகுதியில் அது கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வருவதால் அருகில் நின்று பார்க்க முடிந்தது.

வைகையின் இரு கரைகளுக்கும் நடுவே ஏ.வி. பாலத்தில் அன்றாடம் போய்வரும் நமக்கு, ஆண்டின் பெரும்பகுதி மணலில் இறங்கியே அக்கரை சேர்ந்துவிடலாம் என்பதால், பாலமில்லாத ஓர் ஆறு மனிதர்களை எந்த அளவுக்குப் பிரித்து வைக்கும் என்பது எளிதில் புரிவதில்லை. டான்யூபில் முன்பு மிதவைப் பாலம் ஒன்றுதான் இருந்தது. பனிக்கட்டி மிதந்து வரும் குளிர்காலத்தில் அதையும் பிரித்துவிடுவார்கள். 1820இல் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் புறப்பட்ட இஷ்த்வான் செய்சேனி என்ற பிரபு, ஆற்றைக் கடக்க முடியாமல் நாள்கணக்கில் காத்திருந்தார். நிலையான பாலம் வேண்டும் என்று பின்னர் அவரே முன்னின்று பாடுபட்டார். வில்லியம் டியர்னி கிளார்க் வடிவமைத்து, ஆடம் கிளார்க் மேற்பார்வையில் எழுந்த அந்தப் பாலம் 1849இல் திறக்கப்பட்டது. அதுவரை வரியே செலுத்தாத பிரபுக்களும் பாலத்தைக் கடக்கச் சுங்கம் செலுத்த வேண்டும் என்று சட்டம் வந்ததை வழிகாட்டி எடுத்துச் சொன்னபோது, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா அவரை நிறுத்தி மேலும் கேள்விகள் கேட்டார். 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தைத் தகர்த்ததும், அது திறக்கப்பட்ட நூறாம் ஆண்டான 1949இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டதும் இதே பாலத்தின் வரலாறுதான்.

குறை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புடா கரையில், பாலம் முடியும் இடத்திலிருந்தே கோட்டைக் குன்றுக்கு ஏறும் இழுவை ரயில் இருக்கிறது. 1870இல் தொடங்கிய சேவை அது. அதற்குச் சீட்டு எடுத்துத் தராமல், பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்திய இடத்திலிருந்து கல் பதித்த ஏற்றத்தில் முதியவர்களை நடக்க வைத்தார்கள். முழங்கால் வலி உள்ள என் அம்மா பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். குழுவில் பெரும்பாலானோர் அறுபதைக் கடந்தவர்கள் என்பது பதிவு செய்த நாளிலேயே நிறுவனத்துக்குத் தெரியும். ரோமானியர் காலத்து அக்வின்கும் நகரின் இடிபாடுகள் உள்ள ஓபுடாவோ நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. இணைந்த மூன்றில் மிகப் பழமையான ஊரை விட்டுவிட்டு, அந்தப் பிற்பகலைக் கடைவீதிக்குக் கொடுத்திருந்தார்கள்.

இரவுப் படகுப் பயணம் நன்றாக இருந்தது. 268 மீட்டர் நீளமுள்ள நாடாளுமன்றக் கட்டடம் விளக்கொளியில் முழுமையாகத் தெரிவது ஆற்றிலிருந்துதான்.

பதிவு செய்ய நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே இழுவை ரயில் சீட்டைக் கட்டணத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கடைவீதிக்கு விட்ட பிற்பகலில் குழுவிலிருந்து பிரிந்து செல்ல அனுமதி கிடைத்தால், புடா கரையிலுள்ள பாத்யானி சதுக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் அக்வின்குமுக்கு நீங்களே போய்வரலாம்.