டென் ஹாக் பொலிட்டிகல் வாக்கிங் டூர்: சைக்கிள் பிரதமர் ஆபீஸப் பார்க்கப் போன கதை (5க்கு 3)

அப்பா ஊர்ல இருந்து வந்து ரெண்டு வாரம் ஆச்சு, எய்ந்தோவன்ல பார்க்க வேண்டியதெல்லாம் மூணே நாள்ல முடிஞ்சு போச்சு. அவருக்கு நெதர்லாந்துன்னாலே அந்த வாட்ஸ்ஆப் வீடியோதான், 2024 ஜூலைல மார்க் ருட்டே பிரதமர் பதவிய ஒப்படைச்சிட்டு எல்லாருக்கும் டாட்டா காட்டிட்டு சைக்கிள் ஏறிப் போவாரே, அதேதான். "அந்த மனுஷன் ஆபீஸ மட்டும் காட்டுப்பா, போதும்"னு ஒரே பிடி. சரின்னு டென் ஹாக்ல (அதாங்க, தி ஹேக்) இங்கிலீஷ்ல நடத்துற ரெண்டு மணி நேர டூர் ஒண்ணு புக் பண்ணேன், ஆளுக்கு 20 யூரோ. கம்பெனி பேரு வேணாம், பாதி திட்டப் போறேன்.

பிளைன் சதுக்கத்துல வில்லியம் சிலைக்குக் கீழ மீட்டிங். கைடு பையன் நல்லா பேசுறான், அதுல குறையே இல்ல. அங்கருந்து மவுரிட்ஸ்ஹவுஸ் மியூசியம் தாண்டி குளத்தங்கரைக்குப் போனா, அந்த எட்டுப்பட்டைக் குட்டி கோபுரம், டொரென்ட்யே. 1982ல இருந்து பிரதமர் ஆபீஸா இருந்தது அதுதான். அப்பா ரெண்டு தடவ கேட்டாரு, "இதுவா? நம்ம ஊரு தண்ணி டேங்க் இதவிடப் பெருசா இருக்குமேடா." அதச் சுத்தி இருக்கிற பார்லிமென்ட் வளாகம், பின்னன்ஹோஃப், மொத்தமும் 2021ல இருந்து மராமத்து வேலை, வேலி போட்டு வெச்சிருக்காங்க, உள்ள போக முடியாது. புக் பண்றப்ப இத ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல?

ருட்டே கதைய பையன் ஜாலியா சொன்னான். ஹிஸ்டரி படிச்சிட்டு யூனிலீவர்ல ஹெச்ஆர் வேலை பார்த்தவர், 2010 அக்டோபர்ல பிரதமர், அங்கருந்து கிட்டத்தட்ட 14 வருஷம், நாலு கேபினட், அதுக்கு முன்னாடி பழைய பிரதமர் லுப்பர்ஸ் வெச்சிருந்த 12 வருஷ ரெக்கார்டு காலி. முதல் ஆட்சி தீவிர வலதுசாரி வில்டர்ஸ் கட்சி வெளியில இருந்து குடுத்த ஆதரவுல ஓடி 2012ல கவுந்துச்சுன்னு சொன்னதும் அப்பா சிரிச்சிட்டாரு, இந்த ஒரு சப்ஜெக்ட்ல அவருக்கு கைடே தேவையில்ல. பிரதமரா இருந்துக்கிட்டே வாரம் ஒருக்கா ஸ்கூல்ல போய் பாடம் எடுத்தது, 2018ல காபி கொட்டிட்டு தானே மாப் எடுத்துத் தொடச்சது, பழைய நோக்கியாவுல எடம் இல்லன்னு மெசேஜ டெலீட் பண்ணிட்டே இருந்தது எல்லாம் வந்துச்சு. அந்த மெசேஜ் மேட்டர் 2022ல பெரிய பிரச்சனையாச்சு, அரசாங்க ரெக்கார்டாச்சே, ஆனா பையன் காமெடியா சொல்லிட்டு நகர்ந்துட்டான்.

எனக்குக் கடுப்பானது இங்கதான். சைக்கிளுக்கும் காபிக்கும் 20 நிமிஷம், குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்துக்கு ரெண்டே நிமிஷம். ஃபார்ம்ல சின்னத் தப்பு இருந்ததுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான அம்மா அப்பாக்கள மோசடிக்காரங்கன்னு முத்திர குத்தி பல்லாயிரம் யூரோ திருப்பிக் கட்டச் சொன்னாங்க, நிறைய பேரு வெளிநாட்டுப் பூர்வீகம், குடும்பமே நாசமாப் போனவங்க உண்டு. 2021 ஜனவரில மொத்த கேபினட்டும் ராஜினாமா, ரெண்டே மாசத்துல எலெக்ஷன், திரும்பவும் ருட்டே கட்சிதான் 34 சீட்டோட முதலிடம், அடுத்த அரசு அமைக்க 299 நாள். எந்தப் பழியும் ஒட்டாதவர், டெஃப்லான்னு பட்டப்பேரு சும்மா வந்துச்சா என்ன, இவ்வளவு பெரிய கதைய ரெண்டு நிமிஷத்துல முடிச்சா எப்படி?

நல்லவேளை எங்க குரூப்ல குரோனிங்கன் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா இருந்தாங்க, அறுபது வயசு இருக்கும். பையன் அந்தப் பக்கம் பூமிக்கடியில இருந்து எரிவாயு (கேஸ்) எடுத்த மேட்டர அப்படியே தாண்டிப் போகப் பார்த்தான், அவங்க விடல. 2012 ஆகஸ்ட்ல ஹௌசிங்கே கிராமத்துல 3.6 அளவுல நிலநடுக்கம், கேஸ் எடுத்து எடுத்து கீழ மண்ணு இறங்கினதுதான் காரணம், அது தெரிஞ்சும் அடுத்த வருஷம் கொறைக்காம இன்னும் அதிகமா எடுத்தாங்க, ஜனங்கள விட காசுக்குத்தான் முக்கியத்துவம் குடுத்தாங்கன்னு பார்லிமென்ட் விசாரணைக் கமிட்டியே 2023ல எழுதிச்சுன்னு நிறுத்தி நிதானமா சொன்னாங்க, தன் வீட்டுச் செவுத்து விரிசல் போட்டோவையும் போன்ல காட்டுனாங்க. அப்பா கண்ணாடியக் கழட்டிட்டு அத ரொம்ப நேரம் பாத்தாரு. அந்த அம்மா பேசுன பத்து நிமிஷத்துக்கே 20 யூரோ குடுக்கலாம்.

கடைசி ஸ்டாப் பிளாட்ஸ்ங்கிற சதுக்கம், அங்க யோஹான் டி விட் சிலை. ருட்டேவ விட அதிக காலம், 19 வருஷம் கிட்ட நாட்ட நடத்துனவர், 1672ல இதே எடத்துப் பக்கத்துல கூட்டம் அவரையும் அண்ணனையும் கொடூரமா கொன்னுடுச்சு. ருட்டே பாடம் எடுத்த ஸ்கூலுக்கு இவர் பேருதான், ஆனா பையன் அத சொல்லவே இல்ல, நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன்.

போறவங்க ரெயின் ஜாக்கெட் எடுத்துக்கோங்க, குடை அங்க நிக்காது. வழியில டாய்லெட் கெடையாது, வயசானவங்களக் கூட்டிட்டுப் போனா முன்னாடியே ஸ்டேஷன்ல போயிடுங்க. நடை ரொம்ப இல்ல, ஆனா கருங்கல் பாவுன ரோடு, முட்டி வலி இருந்தா கஷ்டம்.

திரும்ப வர்றப்ப ட்ரெயின்ல அப்பாவோட ரிட்டயர்டு ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல யாரோ அந்த சைக்கிள் வீடியோவ மறுபடி போட்டிருந்தாங்க, 'இவரல்லவோ தலைவர்'னு. அப்பா பதில் டைப் பண்ண ஆரம்பிச்சாரு. டில்பர்க் தாண்டியும் டைப் பண்ணிட்டேதான் இருந்தாரு.